'ஆமாம்' என்றார், வேலை நடக்கவில்லை: சாட்டில் பிற நாட்டவரைப் புரிந்துகொள்வது எப்படி?

கேள்வி: பல நாட்டவர் சேர்ந்த குழுவில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். பேச்செல்லாம் சாட்டிலும் மின்னஞ்சலிலும்தான். ஜெர்மனியில் இருப்பவர் ஒரு வணக்கம்கூட இல்லாமல் என் தவறுகளை வரிசையாக எழுதி அனுப்புகிறார். ஜப்பானில் இருப்பவர் எதைக் கேட்டாலும் 'ஆமாம்' என்கிறார், ஆனால் வேலை வந்து சேர்வதில்லை. நேரில் பார்க்காமல் இவர்களை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: முதலில் ஜெர்மன்காரர். அவருடைய பழைய செய்திகளை இன்னொரு முறை எடுத்துப் படியுங்கள். 'மூன்றாம் பக்கத்தில் கணக்கு தப்பு' என்ற மாதிரி மட்டும் இருந்தால், அவர் கணக்கைத்தான் சொல்கிறார், உங்களை அல்ல. பூசி மெழுகாமல் சொல்வதே உங்கள் நேரத்துக்குக் கொடுக்கும் மரியாதை என்றுகூட நினைத்திருக்கலாம். நன்றி சொல்லி, திருத்தி அனுப்புங்கள், போதும்.

ஜப்பானியர் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976-ல் ஒரு வேறுபாட்டை விளக்கினார். சில சமூகங்களில் சொல்ல வந்தது முழுவதும் சொல்லிலேயே இருக்கும். சிலவற்றில் பாதிதான் சொல்லில், மீதி சூழலில்: யார் சொன்னார், யார் முன்னால், எவ்வளவு தயங்கி. முதல் வகைக்கு ஜெர்மனியையும் இரண்டாவதற்கு ஜப்பானையும் காட்டுவது வழக்கம். (இதை வைத்து ஆளை எடைபோட்டுவிடாதீர்கள். ஓயாமல் பேசும் ஜப்பானியரையும் வாயே திறக்காத ஜெர்மானியரையும் நான் பார்த்திருக்கிறேன்.) ஜப்பானிய மொழியில் 'ஹை' என்றால் 'ஆம்' என்று அகராதி சொல்லும். பேச்சிலோ 'நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கும் அதே சொல்தான். 'பரிசீலிக்கிறோம்' என்பது பல நேரம் பணிவான மறுப்பு. நேரில் இருந்தால் அந்தத் தயக்கம் முகத்தில் தெரிந்துவிடும். சாட் அதை வடிகட்டிவிட்டு 'ஆமாம்' என்பதை மட்டும் உங்களிடம் கொண்டுவந்து கொடுக்கிறது.

அதனால் 'வெள்ளிக்குள் முடியுமா?' என்று கேட்காதீர்கள். அதற்கு ஆமாம் என்பதைத் தவிர மரியாதையான பதில் இல்லை. 'இதில் எந்தப் பகுதி அதிக நேரம் பிடிக்கும்? முதல் வரைவை எந்த நாளில் பார்க்கலாம்?' என்று கேளுங்கள். எல்லோரும் இருக்கும் குழுவில் வேண்டாம், தனிச் செய்தியில். சிக்கல் இருந்தால் அங்கேதான் வெளியே வரும்.

இதெல்லாம் வெளிநாட்டவரோடு மட்டும் வரும் தொல்லை என்றும் நினைக்க வேண்டாம். ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலான உளவியலாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், கிண்டலாகச் சொல்கிறோமா உண்மையாகச் சொல்கிறோமா என்பது மின்னஞ்சலைப் படிப்பவருக்கு எளிதில் புரியும் என்று அதை எழுதிய மாணவர்கள் நம்பினார்கள். படித்தவர்களோ காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னதற்குச் சற்று மேலாகத்தான் சரியாகச் சொன்னார்கள். ஒரே மொழி பேசும் மாணவர்களுக்கே இந்தக் கதி! கிண்டலை வீடியோ அழைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எமோஜி போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். 1982-ல் ஸ்காட் ஃபால்மன் முன்வைத்த :-) என்ற குறியில் சிரிப்பு வாயில் இருக்கிறது. ஜப்பானியர் தட்டும் ^_^ குறியில் சிரிப்பு கண்ணில். லேசாகப் புன்னகைக்கும் மஞ்சள் முகத்தைச் சீன இளைஞர்கள் பலர் நக்கலாகவே எடுத்துக்கொள்கிறார்கள். கட்டைவிரல் குறி இன்னும் வில்லங்கம். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு விவசாயி, கைப்பேசியில் வந்த ஒப்பந்தத்துக்குக் கட்டைவிரலை மட்டும் பதிலாக அனுப்பினார். 'வந்து சேர்ந்தது' என்றுதான் சொன்னேன் என்பது அவர் வாதம். 2023-ல் நீதிமன்றம் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டு, 82,000 கனடிய டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. 'கிடைத்தது, படித்துவிட்டுச் சொல்கிறேன்' என்று நாலு வார்த்தை தட்ட எத்தனை நொடி ஆகிவிடும்?

மொழிபெயர்ப்புக் கருவி பயன்படுத்தினால் ஒரு எச்சரிக்கை. நம் 'நீ', 'நீங்கள்' இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகிவிடும். ஆங்கிலம் வழியாக ஜெர்மனுக்கோ ஜப்பானியத்துக்கோ போகும்போது, எந்த அளவு மரியாதை என்பதைக் கருவி தானாக ஊகிக்கிறது. சின்னச் சின்ன வாக்கியமாக, பழமொழி, சிலேடை இல்லாமல் எழுதுங்கள். அனுப்பும் முன் ஒருமுறை திரும்ப மொழிபெயர்த்துப் பாருங்கள்.

அப்புறம் தேதி. 03/04 என்பது அமெரிக்கருக்கு மார்ச் 4, உங்கள் ஜெர்மன்காரருக்கு ஏப்ரல் 3. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிவிட்டால் தீர்ந்தது. கூட்ட நேரத்தோடு யாருடைய நேரம் என்பதையும் போடுங்கள். மார்ச் கடைசி ஞாயிறன்று ஜெர்மனியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், ஜப்பானில் அந்தப் பழக்கமே இல்லை. அந்த வாரம் ஒருவர் தாமதமாக வந்தால், கோபிப்பதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள்.