பலர் தேடிய பூங்காவிலும் வெள்ளிக்காசு இருக்கும்

வணக்கம். அமெரிக்காவின் ஒஹாயோவில் பலரும் உலோகம் கண்டறியும் கருவியால் அலசிவிட்ட பூங்காவில் பான டப்பாக்களின் மூடி வளையங்களும் புதிய சென்ட்டுகளும் மட்டுமே கிடைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காசு தீர்ந்துவிட்டதென்று தயவுசெய்து முடிவுகட்டாதீர்கள். 1964 வரையான ஆண்டு பொறித்த பழைய டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்) காசுகளில் 90 சதவீதம் வெள்ளி இருப்பதால் கருவி தெளிவாகவே ஒலிக்கும் என்றாலும், பக்கத்தில் ஒரு துருப்பிடித்த ஆணி கிடந்தாலே அந்த ஒலி அமுங்கிப்போகும். முன்பு தேடியவர்கள் கடந்துசென்றவற்றில் இத்தகைய காசுகளே அதிகம் என்பது என் எண்ணம். ஆகவே 5 அல்லது 6 அங்குலச் சிறிய காயிலை (கருவியின் அடியில் உலோகத்தை உணரும் வட்டை) மாட்டி, இரும்புக்கு எழும் ஒலியைக் கருவியில் முழுவதும் அடக்கிவிடாமல், பழைய மரங்களைச் சுற்றித் தரையை ஒட்டி மிக மெதுவாக ஆட்டிச் செல்லுங்கள். அரைகுறையாக ஒலிக்கும் இடத்தில் 90 பாகை திரும்பி நின்று மறுபடி பாருங்கள். ஒரு திசையில் ஆணி மறைத்த காசு மறுதிசையில் சுத்தமாக ஒலிப்பதுண்டு. தோண்டுவதற்குப் பூங்கா நிர்வாகத்தின் அனுமதி இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.