வேகம் இன்னும் ஏறுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 20 வருடத்துக்கு முன்பே 3 கிகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டர் வைத்திருந்தேன். புது லேப்டாப்பிலும் கிட்டத்தட்ட அதே எண்தான். மூர் விதி பொய்த்துவிட்டதா?

இன்டெல்லை நிறுவியவர்களில் ஒருவரான கார்டன் மூர் வேகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு சிப்பில் அடங்கும் பாகங்கள் ஆண்டுதோறும் இரட்டிப்பாகும் என்று 1965இல் எழுதினார். 1975இல் அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று திருத்திக்கொண்டார். 1971இல் வந்த இன்டெல் 4004 சிப்பில் 2,300 டிரான்சிஸ்டர்கள் (கரண்டைத் திறந்து மூடும் குட்டி சுவிட்சுகள்). 2020இல் வந்த ஆப்பிள் எம்1 சிப்பில் 1,600 கோடி. வகுத்துப் பார்த்தால் இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஓர் இரட்டிப்பு. அரை நூற்றாண்டு தாங்கிய ஆரூடம் வேறு எத்தனை இருக்கிறது?

நின்றுபோனது ஐபிஎம் ஆய்வாளர் ராபர்ட் டெனார்டின் கணக்கு. டிரான்சிஸ்டர் சிறுத்தால் அதற்கு வேண்டிய வோல்டேஜும் குறையும், அதனால் எவ்வளவு நெருக்கி அடைத்தாலும் சூடு ஏறாது என்று 1974இல் அவர் காட்டினார். 2005 வாக்கில் அது முட்டிக்கொண்டது. வோல்டேஜை அதற்கும் கீழே இறக்கினால், அணைத்து வைத்த டிரான்சிஸ்டரிலும் கரண்ட் கசிகிறது. இறக்காமல் வேகத்தை ஏற்றினாலோ சிப் சுடுகிறது. இன்டெல்லின் பென்டியம் 4 சிப்பின் ஓட்டம் 3.8 கிகாஹெர்ட்ஸோடு முடிந்தது; அடுத்து வரவேண்டிய டெஜாஸை 2004இல் இன்டெல்லே கைவிட்டது. அப்புறம்தான் ஒரே சிப்புக்குள் இரண்டு கோர், நாலு கோர் (கணக்குப் போடும் மூளைகள்) என்று பக்கவாட்டில் பெருக ஆரம்பித்தார்கள்.

கேள்வி: 3 நானோமீட்டர் சிப் என்றால் எது 3 நானோமீட்டர்?

அது தலைமுறைக்கு வைத்த பெயர், அவ்வளவுதான். டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் பகுதிக்குப் பெயர் கேட்; அடுத்தடுத்த இரண்டு கேட்களுக்கு நடுவே அதில் 40 நானோமீட்டருக்கு மேல் இருக்கும்.

கேள்வி: சென்னையில் 1 ஜிபி (விநாடிக்கு 1 ஜிகாபிட்) ஃபைபர் போட்டும், நியூயார்க் சர்வரில் விளையாடினால் பிங் 200க்குக் கீழே வரமாட்டேன் என்கிறது. 10 ஜிபி வந்தால் சரியாகுமா?

ஆகாது. பிங் என்பது சிக்னல் சர்வருக்குப் போய்வர ஆகும் நேரம், மில்லிவிநாடியில். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து நியூயார்க் நேர்கோட்டில் சுமார் 13,500 கிலோமீட்டர். போய்வர 135 மில்லிவிநாடி. கேபிள் நேர்கோட்டில் போவதும் இல்லை, வழியில் ரௌட்டர்கள் வேறு. நடுவே காற்று நிரம்பிய புதுவகை இழையில் ஒளி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகமாக ஓடும். அதைக் கடல் முழுக்க இழுத்தாலும் 90க்குக் கீழே இறங்க முடியாது. சிங்கப்பூர் சர்வர் இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: நெட்வொர்க் நிபுணர்களின் கணிப்பு தப்பியது உண்டா?

கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைக்கும் ஈதர்நெட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான பாப் மெட்காஃப், 1996இல் இணையம் குலைந்துவிழும் என்று 1995இல் பத்தி எழுதினார். குலையவில்லை. 1997இல் ஒரு மாநாட்டு மேடையில் அந்தப் பத்தியைத் தண்ணீர் விட்டு மிக்ஸியில் அடித்துச் சாப்பிட்டார். இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

நஷ்டம் மறுபக்கத்துக் கணிப்பில். இணையப் போக்குவரத்து 100 நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று 1990களின் கடைசியில் ஒரு பேச்சு உலவியது. அப்படியென்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். கணித ஆய்வாளர் ஆண்ட்ரூ ஒட்லிஸ்கோ எண்களை அலசி, இரட்டிக்கச் சுமார் ஒரு வருடம் ஆகிறது என்றார். கேட்பார் இல்லை. பேச்சை நம்பிக் கம்பெனிகள் ஃபைபரைப் புதைத்துக்கொண்டே போக, அதே நேரத்தில் ஒரே இழையில் பல நிற ஒளியை அனுப்பும் நுட்பமும் வந்து, போட்ட இழைகளின் கொள்ளளவு பன்மடங்கானது. முக்கால்வாசி இழைகளில் வெளிச்சமே பாயவில்லை என்ற நிலையில் விலை சரிந்தது. இணைய இணைப்பு விற்ற அமெரிக்கக் கம்பெனி வேர்ல்டுகாம் 2002இல் திவாலானது. என்னைக் கேட்டால், இப்படியொரு வளர்ச்சிக் கணக்கு யார் வாயிலிருந்து வருகிறது, அவர் எதை விற்கிறார் என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

கேள்வி: வீடு கட்டுகிறேன். 15 வருடம் தாங்க, சுவருக்குள் எந்த நெட்வொர்க் கேபிள் போடலாம்?

இணைய வேகம் ஆண்டுக்கு 50 சதவீதம் கூடும் என்று இணையதளப் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 1998இல் சொன்னார். அப்படிப் பார்த்தால் இன்றைய 1 ஜிபி பத்து வருடத்தில் 57 ஜிபி. நம் வீடுகளில் அது நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 4கே படத்துக்கே விநாடிக்கு 25 மெகாபிட் தாராளம். கேட் 6ஏ (Cat 6A) கேபிள் போடுங்கள், 100 மீட்டர் வரை 10 ஜிபி தாங்கும். அதைவிட முக்கியம் பைப். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே திணிக்காமல் தனியாக ஒரு இன்ச் பைப் விடச் சொல்லி, உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் போட்டு வையுங்கள். பிற்பாடு ஃபைபர் வேண்டுமென்றால் சுவரை உடைக்காமல் இழுத்துக்கொள்ளலாம்.