பின் அடிக்கும்போது மட்டும் தாள் சிக்குவது ஏன்?

கேள்வி: எங்கள் தணிக்கை அலுவலகம் சென்னையில் உள்ளது. 30 தாள் கொண்ட அறிக்கைகளை இருபுறமும் அச்சிட்டுப் பின் அடித்து எடுக்கும்போது, பிரின்டரில் தாள்களை அடுக்கிப் பின் அடிக்கும் ஃபினிஷர் பகுதியில் நாளுக்கு நாலைந்து முறை தாள் சிக்குகிறது. பின் அடிக்காத பிரதிகளில் இத்தொல்லை இல்லை. என்ஜினியர் இருமுறை வந்து சுத்தம் செய்தும் பயனில்லை. ஃபினிஷரையே மாற்ற வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தாள் ஃபினிஷரில் நிற்பதாலேயே கோளாறும் அங்கேதான் இருக்கிறது என்று கொள்ள முடியாது. இருபுறமும் அச்சிடுவதாக நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்கு முதல் தடயம். அப்படி அச்சிடும்போது, டோனர் என்னும் மைத்தூளை உருக்கிப் பதிக்கும் ஃப்யூசரின் சூட்டில் ஒவ்வொரு தாளும் இருமுறை நுழைந்து வருகிறது. அதிலுள்ள ஈரம் இரு பக்கமும் சமமாக வெளியேறாததால் விளிம்பு சுருள்கிறது. நேராக வெளித்தட்டில் விழும் தாள் சற்றுச் சுருண்டிருந்தாலும் யாருக்கும் தெரிவதில்லை. பின் அடிப்பதற்கோ, தாள்கள் உள்தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர வேண்டும்; ரப்பர் துடுப்புகள் அவற்றைப் பின்னுக்கு இழுக்க, பக்கத் தகடுகள் தட்டி ஒழுங்குபடுத்த வேண்டும். அந்த இடத்தில், ஏற்கெனவே கிடக்கும் தாளின் தூக்கிய விளிம்பில் அடுத்த தாள் முட்டி நின்றுவிடுகிறது.

இதை உறுதிசெய்ய, அதே அறிக்கையை ஒருபுறம் மட்டும் அச்சிட்டு, அதே 30 தாள் கட்டுகளாகப் பின் அடித்துப் பாருங்கள். சிக்காமல் வந்தால் சுருளே காரணமாக இருக்கப் பெரிதும் வாய்ப்புண்டு. அப்போது டிரேயில் பல நாள் கிடந்த தாளை எடுத்துவிட்டுப் புதிதாகப் பிரித்த ரீமை வையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான சென்னையின் மழைக்கால ஈரத்தில், உறை பிரித்த தாளை இரவு முழுதும் திறந்து வைப்பதே சிக்கலை வரவழைப்பதாகும். மீதித் தாளை உறையிலேயே மூடி வைக்க வேண்டும். அதன் பிறகும் சுருண்டால் டிரேயிலுள்ள தாளைப் புரட்டி வையுங்கள். டிரேயின் அமைப்பில் குறித்துள்ள தாள் வகையும் உண்மையில் வைத்திருக்கும் தாளின் ஜிஎஸ்எம்மும் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். மெல்லிய தாளுக்குத் தடித்த தாளின் அமைப்பு இருந்தால் ஃப்யூசர் தேவைக்கு மேல் சூடேற்றும்.

ஒருபுற அச்சும் சிக்கினால் ஃபினிஷரைத்தான் ஆராய வேண்டும். தாள் ஒரு சென்சாரைக் குறித்த நேரத்துக்குள் அடையாவிட்டாலும், அதைவிட்டு நகராவிட்டாலும் இயந்திரம் அதைச் சிக்கலாகவே அறிவிக்கும். ஆகவே தேய்ந்து வழுக்கும் ரப்பர் ரோலர், சென்சாரின் நெம்புகோலில் மாட்டிய கிழிசல், பின் அடிக்கும் தலையில் இறுகிய உடைந்த பின் ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஃபினிஷர் பிரின்டரோடு ஒரே மட்டத்தில் இணைந்திருக்கிறதா என்பதையும் தவறவிடக் கூடாது. இயந்திரத்தை இடம் மாற்றிய அலுவலகங்களில் இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

சிக்கிய தாளை அவசரமாகப் பிடுங்காமல், அது செல்லும் திசையிலேயே இரு கைகளாலும் மெல்ல இழுங்கள். கிழிந்துவிட்டால் துண்டுகளை மேசையில் பொருத்திப் பார்த்து, ஒரு மூலைகூட உள்ளே தங்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள். ஒவ்வொரு முறையும் திரையில் தோன்றும் குறியீட்டு எண்ணையும், தாளின் முன்விளிம்பு நின்ற இடத்தையும் ஒரு வாரம் குறித்து வையுங்கள். அடுத்த முறை என்ஜினியர் வரும்போது, இயந்திரத்தைத் திறப்பதற்கு முன் அந்தக் குறிப்பை அவரிடம் கொடுங்கள்.