‘அருமை’ மட்டுமே பதிலாக வந்தால்
முகங்களை வரைந்து காட்டினால் எல்லோரும் ‘அருமை’ என்கிறார்கள், ஒருவர் மட்டும் ‘ஏதோ சரியில்லை’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் என எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னது உண்மைதான். எது என்று சொல்லாததுதான் குறை. கண்களை மேலே ஏற்றிவிட்டீர்கள். உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறக்குறைய நடுவில் கண்கள் வர வேண்டும். முடியின் புடைப்பைச் சேர்க்காமல் அளந்து பாருங்கள், நெற்றி ஏன் சுருங்கியது என்பது புரியும். படத்தைக் கண்ணாடியில் காட்டினால் மற்றக் கோணல்களும் பிடிபடும்.

இனி ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்காதீர்கள். அதற்கு மரியாதைக்குத்தான் பதில் வரும். பார்த்து வரைந்த புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்து, ‘மூக்கின் நீளம் சரியா?’ என்று கேளுங்கள். அதுவும் நிழல் தீட்டும் முன்பே, வெறும் கோடுகளாக இருக்கும்போதே காட்டிவிடுங்கள். தீட்டி முடித்த கண்ணை அழிக்க யாருக்கு மனம் வரும்?