குடியிருப்புப் பகுதியில் நள்ளிரவு வரை பாட்டுச் சத்தம்: புகார் செய்வதால் பயன் உண்டா?

கேள்வி: வீடுகள் நிறைந்த எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் புதிதாக வந்திருக்கும் விடுதியில், வார இறுதி நாட்களில் நள்ளிரவு தாண்டியும் டிஜே பாட்டு ஓடுகிறது. புகார் செய்வதால் பயன் உண்டா, இல்லை சகித்துக்கொண்டு போவதுதான் வழியா?

பயன் உண்டு. ஆனால் "சத்தம் தாங்க முடியவில்லை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் பயன் இல்லை. அப்போது மணி என்ன, ஒலிபெருக்கி நான்கு சுவருக்குள் இருந்ததா வெட்டவெளியில் இருந்ததா, அதற்கு யார் எழுத்து மூலம் அனுமதி கொடுத்தார்கள் என்ற மூன்றையும் எழுதிக் கொடுங்கள். இந்த மூன்றைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு காலம் வீணாகக் கூடாது என்பதால் நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். ஆந்திரத்துச் சித்தூர் அல்ல, கேரளத்துச் சித்தூர். வீட்டில் பேச்சு தமிழ், பிள்ளைகள் படித்தது தமிழ் வழியில், அரசு அலுவலகக் காகிதங்கள் மலையாளத்தில். எங்கள் வீட்டுக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் நடுவே இரண்டு தென்னந்தோப்புகள்தான். கறவை மாடு மூன்று வைத்திருக்கிறேன். விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து கறந்து, ஐந்தே காலுக்குள் பால் சொசைட்டியில் ஊற்றிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதிக் குடும்பங்களுக்கு இதுதான் பிழைப்பு. அதனால் ஒன்பது மணிக்கெல்லாம் ஊர் அடங்கிவிடும்.

2022 கடைசியில், எல்லைக்கு அந்தப் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து நேர்க்கோட்டில் நானூறு மீட்டர் இருக்கும், ஒரு தோப்பை விடுதியாக மாற்றினார்கள். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நீச்சல் குளம், புல்தரை, புல்தரையின் ஓரத்தில் ஒரு மேடை. சனிக்கிழமைதோறும் கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் கார்கள் வரும். எட்டு மணிக்குத் தொடங்கும் பாட்டு ஒன்றரைக்கோ இரண்டுக்கோதான் நிற்கும்.

பாட்டின் சொற்களோ மெட்டோ எங்களுக்குக் கேட்டதே இல்லை. கேட்டதெல்லாம் தாளத்தின் அடி மட்டும்தான். கட்டிலில் படுத்தால் தலையணை வழியாக வரும். எழுந்து உட்கார்ந்தால் சுவர் வழியாக வரும். சன்னலைச் சாத்தினால் மற்ற ஓசைகள் அடங்கி, அந்த அடி மட்டும் இன்னும் தெளிவாகிவிடும். இதற்குக் காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஐம்பது ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலியின் அலை ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஏழு மீட்டர் நீளம் கொண்டது. ஓட்டு வீட்டுச் சுவரும் கதவும் அதைத் தடுப்பதில்லை. அதோடு எங்கள் ஊருக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. ஐப்பசி கழிந்து மாசி வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று வீசும். காற்று போகும் திசையில் ஒலி மேலே எழும்பிப் போகாமல் தரையை நோக்கி வளையும். இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்திருப்பதாலும் அதே விளைவு ஏற்படும். ஆகவே கோடையில் முனகலாகக் கேட்ட அதே பாட்டு, மார்கழியில் எங்கள் திண்ணையில் வைத்து அடிப்பது போலக் கேட்டது.

அந்த மார்கழியில் ஒரு சனிக்கிழமை இரவு ஒரு மணிக்கு மாட்டுத் தொழுவத்துக்குப் போனேன். தகரக் கூரையில் ஒரு ஆணி தளர்ந்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அந்தத் தகடு "ஜிர்" என்று அதிர்ந்தது. மூன்று மாடுகளும் நின்றுகொண்டிருந்தன. அந்நேரத்தில் அவை படுத்து அசைபோட வேண்டும். தலைச்சன் ஈன்ற கிடேரி கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தது. மூன்றரைக்குக் கறக்க உட்கார்ந்தபோது மடி நிறைந்துதான் இருந்தது, ஆனால் மாடு பாலை அடக்கிக்கொண்டது. மாடு வளர்ப்பவர்களுக்கு இது தெரியும். மாடு மிரண்டால் பாலைச் சுரக்கவிடும் சுரப்பி நீர் வேலை செய்யாது, எவ்வளவு தடவிக் கொடுத்தாலும் மடி இறங்காது. சனிக்கிழமை காலையில் ஏழே முக்கால் லிட்டர் கொடுத்த மாடு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு லிட்டர்கூட எட்டவில்லை.

அன்றைக்குப் பால் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றிருந்தேன். முந்தைய வாரங்களைப் புரட்டினால் ஞாயிறு தோறும் அளவு இறங்கியிருந்தது. சொசைட்டியில் அளந்து எழுதிய எண் அது, நான் எழுதியதல்ல. பின்னால் எனக்குக் கைகொடுத்த சான்றுகளில் இது முக்கியமானது. உங்களுக்கு மாடு இல்லாமல் இருக்கலாம். ஆனால் வேறு யாரோ அளந்து எழுதிய ஒரு பதிவு உங்களிடமும் இருக்கும். மருத்துவர் எழுதிய சீட்டாக இருக்கலாம், வேலைக்குத் தாமதமாகப் போனதற்கான குறிப்பாக இருக்கலாம். அதைத் தேடி எடுத்து வையுங்கள்.

முதலில் நேரில் போய்க் கேட்டேன். சண்டைக்குப் போகவில்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன். மேலாளர் சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினார். "சனிக்கிழமை ஒரு நாளு தானுங்கண்ணா, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்றார். ஒலிப்பெட்டிகளை வேறு பக்கம் திருப்பி வைப்பதாகச் சொன்னார், சொன்னபடி திருப்பியும் வைத்தார். கீச்சொலி குறைந்தது, அடி குறையவில்லை. தாழ்ந்த ஒலி பெட்டி பார்க்கும் திசையில் மட்டும் போகாது, எல்லாத் திசையிலும் பரவும். அது அவருக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

அடுத்து எங்கள் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போனேன். இடம் தமிழ்நாட்டில் இருக்கிறது, நாங்கள் ஒன்றும் செய்ய இயலாது என்றார்கள். எல்லை தாண்டிப் போனால், நீங்கள் கேரளத்தில் குடியிருப்பவர், உங்கள் பக்கத்தில் புகார் கொடுங்கள் என்றார்கள். சத்தம் எல்லைக் கல்லைப் பார்த்து நிற்கவில்லை, மனு மட்டும் நின்றது. இந்த அலைச்சலிலேயே ஏழு மாதம் போயிற்று.

இங்கே கேள்விக்குச் சற்று வெளியே போகும் ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்து அலுவலகம் ஒன்றில் நான் தமிழில் எழுதிய மனுவைத் திருப்பிக் கொடுத்து, மலையாளத்தில் எழுதிவரச் சொன்னார்கள். அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு, குறைதீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்க ஒவ்வொருவருக்கும் உரிமை தருகிறது. தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் இருக்கும் எங்களுக்கு இதைச் சொல்லி வாதாட வேண்டிய நிலை வந்தது. மலையாளம் எனக்கு நன்றாகப் பேச வரும், அந்த மொழி மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் என் வீட்டு உறக்கத்தைப் பற்றி எழுதும்போது, எனக்குச் சரளமாக வரும் மொழியில் எழுத விடுவதுதான் முறை.

சட்டம் தெரிந்த ஒரு உறவினர் சொல்லித்தான் எனக்குக் கண் திறந்தது. ஒலி மாசு (ஒழுங்குபடுத்தல் மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000-ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசு கொண்டு வந்தவை. கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் அவை ஒன்றேதான். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. இரவு என்றால் 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை. தனியார் இடத்தில் வைக்கும் ஒலிக்கருவியின் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் இந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது.

எல்லோரும் இந்த எண்களைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள், நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். கைபேசியில் ஒரு செயலியை இறக்கி அளந்து பார்த்தேன். தூக்கம் கெடுகிற அளவுக்குத் தொழுவம் அதிர்ந்த இரவிலும் அது 50, 52 என்றுதான் காட்டியது, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. விதிகளில் சொல்லப்படும் அளவு மனிதக் காதின் உணர்வுக்கு ஏற்பத் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தில் 63 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து 26 டெசிபல் கழிந்துவிடும். அதாவது சுவரை ஊடுருவி வரும் அந்த அடியைத்தான் கருவி குறைத்துக் காட்டுகிறது. கைபேசி அளவைச் சான்றாக யாரும் ஏற்கவும் மாட்டார்கள். ஆகவே எண்ணை வைத்து வழக்காடாதீர்கள்.

அதைவிட உறுதியான பிடி அதே விதிகளில் இருக்கிறது. ஒலிபெருக்கியை எந்த நேரத்தில் பயன்படுத்துவதாக இருந்தாலும் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்கு மேல், அரங்கம், மண்டபம் போன்ற மூடிய இடங்களுக்குள்ளும் பொது நெருக்கடிக் காலத்திலும் தவிர, பயன்படுத்தவே கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 மணி வரை தளர்வு தரலாம். வாரந்தோறும் நடக்கும் தனியார் கேளிக்கைக்கு அது பொருந்தாது. வெட்டவெளிப் புல்தரையில் 10 மணிக்கு மேல் எத்தனை டெசிபல் என்ற கேள்வியே எழ வேண்டியதில்லை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டி, எல்லைக்கு அந்தப் பக்கத்து அலுவலகத்துக்குத் தமிழில் ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன்: இன்ன சர்வே எண்ணில் உள்ள இடத்துக்கு ஒலிபெருக்கி அனுமதி வழங்கப்பட்டுள்ளதா, ஆம் எனில் நகல் தருக. முப்பது நாளுக்குள் பதில் வந்தது. அனுமதி வழங்கப்படவில்லை என்று ஒரு வரி. அந்தக் காகிதத்தையும், இருபத்திரண்டு சனிக்கிழமைகளுக்குப் பாட்டு தொடங்கிய நேரம், நின்ற நேரம் எழுதிய குறிப்பேட்டின் நகலையும், பால் அட்டையின் நகலையும் சேர்த்து, எங்கள் பக்கத்தில் ஆறு குடும்பமும் அந்தப் பக்கத்தில் நான்கு குடும்பமும் கையெழுத்திட்டு, அந்தப் பக்கத்து ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தோம். அந்த நான்கு கையெழுத்துகள் இல்லாமல் போயிருந்தால் மறுபடியும் "நீங்கள் கேரளம்" என்ற பேச்சு வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். சத்தம் எங்கிருந்து புறப்படுகிறதோ அந்த இடத்தின் அதிகாரிதான் நடவடிக்கை எடுக்க வேண்டியவர். இதை மனுவின் முதல் வரியிலேயே எழுதினோம்.

இதைப் படிக்கும் சிலர் என்ன சொல்வார்கள் என்று தெரியும், ஊரிலேயே கேட்டுவிட்டேன். விடுதியில் எங்கள் ஊர்ப் பெண்கள் ஐந்து பேர் வேலை செய்கிறார்கள், அவர்கள் வயிற்றில் அடிக்கிறாய் என்றார்கள். நான் விடுதியை மூடச் சொல்லவில்லை. மனுவிலும் அந்தச் சொல் இல்லை. இளைஞர்கள் ஆடிப் பாடுவது உனக்குப் பொறுக்கவில்லை என்றார்கள். என் மகனே அங்கே ஒரு நண்பனின் பிறந்தநாளுக்குப் போய் வந்தான், நான் தடுக்கவில்லை. மூன்றாவது கேள்விதான் என்னை நிறுத்தியது. "மாரியம்மன் சாட்டுக்கு எட்டு நாள் குழாய் ஸ்பீக்கர் கட்டிக் கத்த விடுறீங்களே, அப்ப மாடு பால் கொடுத்துச்சா?" என்று சொசைட்டியில் ஒருவர் எல்லோர் முன்னாலும் கேட்டார். சாட்டு என்பது எங்கள் மாரியம்மன் கோயில் விழா, நான் அதன் குழுவில் இருப்பவன். அந்தக் கேள்வி நியாயமானது, என்னிடம் பதில் இல்லை.

சென்னை மாதவரம் பகுதியில் ஒரு குடியிருப்போர் சங்கம் தொடுத்த வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் வழிபாடு செய்ய வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 2005 ஜூலையில் வந்த இன்னொரு தீர்ப்பு, ஒலிபெருக்கியால் சத்தம் எழுப்புவதை யாரும் அடிப்படை உரிமையாகக் கோர முடியாது என்கிறது. இந்த இரண்டையும் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். இரண்டு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. எங்கள் பெரியப்பா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. ஆனால் அந்த ஆண்டு சாட்டில் குழாய்களை இறக்கிவிட்டு, கோயில் மதிலுக்குள் இரண்டு பெட்டி மட்டும் வைத்தோம், பத்து மணிக்கு நிறுத்தினோம். உடுக்கையும் உருமியும் வழக்கம் போல் நடந்தன. அதன் பிறகுதான் விடுதிக்கு எதிரான மனுவில் கையெழுத்துக் கேட்க எனக்கு முகம் இருந்தது. உங்கள் தெருவிலும் இந்தக் கேள்வி வரும், வருவதற்கு முன்பே உங்கள் பக்கத்தைச் சரிசெய்து வையுங்கள்.

மனு கொடுத்த நாற்பதாம் நாள் விடுதிக்கு அறிவிப்பு போயிற்று. ஒரு சனிக்கிழமை இரவு இரண்டு அதிகாரிகள் வந்து எங்கள் திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். இப்போது பத்து மணிக்கு மேடை நின்றுவிடுகிறது. விருப்பமுள்ளவர்கள் உள்ளே கூடத்தில் ஆடுகிறார்கள். முழு அமைதி என்று சொல்ல மாட்டேன். கூடத்தின் கதவைத் திறந்து வைக்கும் நாட்களில் அடி கேட்கிறது, அப்போது மேலாளருக்கு அழைத்துச் சொன்னால் சாத்துகிறார். அவர் என் எண்ணைப் பெயர் போட்டுப் பதிந்து வைத்திருக்கிறார், நானும் அவருடையதை வைத்திருக்கிறேன்.

உங்கள் விடுதி வெட்டவெளியா, மூடிய கூடமா என்று நீங்கள் எழுதவில்லை. மூடிய கூடமாக இருந்தால் எல்லைச் சுவரில் அளந்து காட்டும்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேட்க வேண்டியிருக்கும், அது கொஞ்சம் நீண்ட வழி. மொட்டை மாடியாகவோ புல்தரையாகவோ இருந்தால் தகவல் உரிமை மனுவை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். குறிப்பேட்டை இன்று இரவே தொடங்குங்கள். என்னுடையதை இன்னும் நிறுத்தவில்லை. சென்ற சனிக்கிழமைக்கு எதிரே, நின்ற நேரம் 10.05 என்றும், அடுத்த வரியில் ஞாயிறு காலைப் பால் ஏழு லிட்டர் எண்ணூறு என்றும் இருக்கிறது.