முதல் விதை ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் 'முதல் விதை' அணிகள், அதாவது பருவ ஆட்டங்களில் முதலிடம் பிடித்தவை, சொந்த மைதானத்தில், தங்களுடைய முதல் பிளேஆஃப் ஆட்டத்திலேயே மண்ணைக் கவ்வுகின்றனவே, ஏன்? எங்கள் டெட்ராய்ட் லயன்ஸ் 15 வெற்றி, 2 தோல்வி என்று வந்து, ஒரு வாரம் ஓய்வும் எடுத்து, 2025 ஜனவரியில் வாஷிங்டனிடம் 45-31 என்று உதை வாங்கியது இன்னும் ஆறவில்லை. அந்த ஓய்வுதான் கெடுத்ததா?
- பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட டெட்ராய்ட் வாசகர்

பதில்: பெயர் வேண்டாம் என்றதுமே லயன்ஸ் ரசிகர் என்று தெரிந்துவிட்டது. ஊரை எழுதியிருக்கவே வேண்டாம்.

முதலில் அந்த 'விதை'. நீங்கள் எழுதியதை எங்கள் பிழைதிருத்துநர் அடித்துவிட்டுத் 'தரவரிசை' என்று போட்டார். நான் திரும்ப விதையைப் போட்டேன். மாலை புரூஃபில் மறுபடி தரவரிசை முளைத்திருந்தது. ஒவ்வொரு ஜூலையும் விம்பிள்டன் வந்தால் எங்கள் அலுவலகத்தில் நடக்கிற சண்டைதான் இது. 'சீட்' என்றால் விதைதான் ஐயா. டென்னிஸிலிருந்து வந்த சொல். கெட்டிக்காரர்கள் முதல் சுற்றிலேயே ஒருவரோடொருவர் மோதிக் கழிந்துபோகாமல், நாற்றைத் தள்ளித் தள்ளி நடுவதுபோல் ஆட்ட அட்டவணையில் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள். எங்கே நட்டார்கள் என்பதைத்தான் அந்தச் சொல் சொல்கிறது. எவ்வளவு விளையும் என்பதற்கு யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை.

விதை என்றதும் எனக்கு அப்பா ஞாபகம். விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, சாக்கில் கட்டி, வைக்கோலால் மூடி, மேலே கல்லை ஏற்றி வைப்பார். ராத்திரி எழுந்துபோய் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுச் சூடு பார்ப்பார். வெள்ளையாக முளை எட்டிப் பார்த்ததும் நாற்றங்காலுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். ஒருமுறை கல்யாண வீட்டுக்குப் போனவர் ஒரு நாள் தாமதமாக வந்தார். வேரெல்லாம் ஒன்றோடொன்று பின்னி, மூட்டை கொதித்து, புளித்த வாடை வந்தது. பிரித்து விதைக்க முடியாமல் மாட்டுக்குப் போட்டோம். மாடும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தின்றது.

ஆகவே ஓய்வு அதிகமானால் கெடும் என்று நான் சொல்லப்போவதாக நினைத்திருப்பீர்கள். உவமை அழகாகத்தான் பொருந்துகிறது. அதனாலேயே எனக்கு அதன்மேல் சந்தேகம். 2020 பருவத்திலிருந்து இரண்டு பிரிவுகளில் ஒவ்வொன்றிலும் 7 அணிகள் பிளேஆஃபுக்கு வருகின்றன. முதலிடத்துக்கு மட்டுமே முதல் வாரம் விடுமுறை. உங்கள் லயன்ஸுக்கு வரலாற்றிலேயே அப்போதுதான் அந்த முதலிடம் கிடைத்தது. ஆனால் அக்டோபரில் கால் முறிந்த தடுப்பாட்டக்காரர் ஏடன் ஹட்சின்சன் ஒரு வார ஓய்வில் எழுந்து வந்துவிடுவாரா? தடுப்பாட்டத்தில் பாதிப் பேர் காயப் பட்டியலில் கிடந்தார்கள். அதற்கு மேல், பந்தை 5 முறை எதிராளியிடம் தாரைவார்த்தார்கள். பந்து வீசுவதே வேலையான ஜேரட் காஃப் வீசியதில் 3 பறிபோயின, கையிலிருந்து ஒன்று நழுவிப் போனது. ஐந்தாவதுதான் உச்சம். பந்தைப் பிடிக்க வேண்டிய ஜேமிசன் வில்லியம்ஸையே வீசச் சொல்லி ஒரு தந்திரம் செய்தார்கள். அதுவும் வாஷிங்டன்காரர் கையில் போய் விழுந்தது. சமையற்காரர் சும்மா இருக்க, பந்தி விசாரிப்பவரைக் கூப்பிட்டு ஜாங்கிரி பிழியச் சொன்ன கதை. எதிரே ஆடிய ஜேடன் டேனியல்ஸுக்கு அது முதல் பருவம். பயல் பந்தை ஒருமுறைகூடப் பறிகொடுக்கவில்லை.

என் பதில் சின்னது. ஒரே ஒரு ஆட்டம், அவ்வளவுதான். 10 முறை மோதினால் 7 முறை ஜெயிக்கிற அணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 3 எங்கே போகும்? 2010 டிசம்பரில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் நியூயார்க் ஜெட்ஸை 45-3 என்று துவைத்துக் காயப்போட்டது. ஆறே வாரத்தில் அதே மைதானம், அதே இரண்டு அணிகள், பிளேஆஃப்: ஜெட்ஸ் 28, பேட்ரியட்ஸ் 21. இரண்டில் எது உண்மை என்று கேட்டால் இரண்டும்தான். நம் ஐபிஎல்காரர்கள் விவரமானவர்கள். முதல் இரண்டு இடத்துக்காரர்களுக்கு ஒருமுறை தோற்றாலும் மறுவாய்ப்பு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அந்தக் கருணை கிடையாது. தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். 15 வெற்றி, 1 தோல்வி என்று வந்த கிரீன் பே பேக்கர்ஸுக்கும் 2012 ஜனவரியில் இதே கதி. 9 வெற்றி, 7 தோல்வி என்று தட்டுத்தடுமாறி வந்த நியூயார்க் ஜயன்ட்ஸ் அவர்களை 37-20 என்று வீட்டுக்கு அனுப்பி, கடைசியில் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலையும் தூக்கிக்கொண்டு போனது. வீட்டுக்கு என்றா சொன்னேன்? ஆட்டமே அவர்கள் வீட்டில்தான் நடந்தது.

சரி, இப்போது 'கால்பந்து'. கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் வருடக்கணக்காக எனக்கு எழுதுகிறார்: "கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டத்தைக் கால்பந்து என்று அச்சிட உங்களுக்கு வெட்கமில்லையா?" கடைசிக் கடிதம் மூன்று பக்கம். பதில் போடச் சரியான சந்தர்ப்பம் இன்று வாய்த்திருக்கிறது.

2022 ஜனவரி 22. ஒரே நாளில் இரண்டு முதல் விதைகளும் சொந்த மைதானத்தில் சாய்ந்தன. டென்னஸி டைட்டன்ஸ், சின்சினாட்டியின் ஜோ பரோவை 9 முறை தரையில் போட்டுப் புரட்டியது. அத்தனையும் வாங்கிக்கொண்டு அவர் எழுந்து எழுந்து நின்றார். கடைசியில் எவன் மெக்ஃபெர்சன் என்ற புதுப் பையன் 52 கெஜத்திலிருந்து ஓர் உதை விட்டான் (கம்பங்களுக்கு நடுவே போனால் 3 புள்ளி). 19-16. அன்று ராத்திரி கிரீன் பேயில் பனி. சான் பிரான்சிஸ்கோவின் தாக்குதல் ஆட்டக்காரர்களால் ஒரு டச்டவுன்கூட (பந்தோடு எதிராளியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது) எடுக்க முடியவில்லை. ஆட்டம் முடிய 5 நிமிடம்கூட இல்லாதபோது பேக்கர்ஸ் உதைத்துத் தள்ளப் பார்த்த பந்தைக் குறுக்கே பாய்ந்து தடுத்து, அதையே பொறுக்கி ஓடி டச்டவுன் ஆக்கினார்கள். பிறகு ராபி கோல்ட் 45 கெஜத்திலிருந்து உதைத்தார். 13-10. இரண்டு ஆட்டமும் கடைசி நொடியில் காலால் முடிந்தவை. கும்பகோணத்து நண்பரே, இனி மூன்று பக்கம் வேண்டாம், கார்டு போதும்.

காலுக்கு இன்னொரு சாட்சி மார்ட்டி ஷாட்டன்ஹைமர். பயிற்சியாளராகப் பருவ ஆட்டங்களில் சரியாக 200 வெற்றி கண்டவர். பிளேஆஃபில் 5 வெற்றி, 13 தோல்வி. நான்கு முறை முதல் விதையாக வந்தார், அதில் மூன்று முறை சொந்த மைதானத்தில் முதல் ஆட்டத்திலேயே போனார். 1996 ஜனவரியில் கேன்சஸ் சிட்டியில் அவருடைய உதைப்பாளர் லின் எலியட் மூன்று உதைகளைத் தவறவிட்டார்; மூன்றில் ஒன்று உள்ளே போயிருந்தாலும் ஆட்டம் சமன். தோற்றது 10-7. இரண்டு வருடம் கழித்து டென்வரிடம் 14-10.

மூன்றாவதுதான் என்னால் மறக்க முடியாதது. 2007 ஜனவரி, சான் டியேகோ. 14 வெற்றி, 2 தோல்வி என்று வந்த அணி 21-13 என்று முன்னிலையில் இருக்கிறது. எதிரணி பேட்ரியட்ஸுக்குக் கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சி. டாம் பிரேடி வீசிய பந்தை மார்லன் மெக்கிரீ அழகாகப் பிடித்தார். பிடிக்கவே வேண்டாம்! கீழே தட்டிவிட்டிருந்தாலே பந்து சான் டியேகோவுக்குத்தான். சரி, பிடித்தார், அப்படியே உட்கார்ந்திருக்கலாம். ஓடினார். டிராய் பிரவுன் பந்தைப் பிடுங்கிவிட்டார். அதை பேட்ரியட்ஸே மறுபடி எடுத்துக்கொண்டது. பிறகு 21-21, பிறகு 24-21. கடைசியில் சமன் செய்ய நேட் கேடிங் 54 கெஜத்திலிருந்து உதைத்தார். போகவில்லை. பிப்ரவரியில் ஷாட்டன்ஹைமருக்கு வேலை போயிற்று. 14 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்த மனிதரை!

அவருக்கு ஓய்வு கெடுத்ததா, விதி கெடுத்ததா என்று கேட்டால் மெக்கிரீ ஓடிய அந்த நாலு அடியைத்தான் காட்டுவேன். உங்களுக்கு வில்லியம்ஸ் வீசிய பந்து.

பிழைதிருத்துநர் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறார். தலைப்பை மட்டும் நானே அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன்.