தடித்த எழுத்து வரையும் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா?

பெண் எந்நேரமும் ஒடுங்கி, தடித்து, மூலை வெட்டிய எழுத்துகளாகவே வரைந்து தள்ளுகிறாள், இதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்று கேட்டிருந்தீர்கள். சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். ஃபான்ட் விற்று மட்டும் குடும்பம் நடத்துகிறவர்கள் ரொம்பக் குறைவு. அதற்காக இதில் பிழைப்பே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். லோகோ, படத் தலைப்பு, ஜெர்சி எண்கள், கேம், பேக்கேஜிங் என்று எங்கெல்லாம் குறுகிய இடத்தில் நாலு சொல் தூரத்திலிருந்தே கண்ணில் அறைய வேண்டுமோ அங்கெல்லாம் இந்த வகை எழுத்தைத்தான் தேடுகிறார்கள். மீம்களில் பார்க்கிறீர்களே, இம்பாக்ட் என்ற ஃபான்ட், அது ஜெஃப்ரி லீ வடிவமைத்து 1965-ல் வந்தது, இன்னும் ஓய்வு பெறவில்லை.

ஆனால் ஒரு சொல்லை அழகாக வரைவது வேறு, எந்த எழுத்துக்குப் பக்கத்தில் நின்றாலும் ஒத்துப்போகிற மாதிரி முழு எழுத்துக் குடும்பத்தைச் செய்வது வேறு. அவளுக்கு இரண்டாவதில் பொறுமை இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். வளைவே இல்லாமல் ஆங்கில ‘ஓ’ (O), ‘டி’ (D) இரண்டையும் தடிப்பாக வரையச் சொல்லுங்கள். ‘ஓ’வுக்கு நான்கு மூலையிலும் வெட்டு, ‘டி’க்கு வலப்பக்கம் மட்டும். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும், வெட்டைப் பெரிதாக்கினால் வேறு எழுத்துகளோடு சேராது. அப்புறம் ‘எம்’ (M). அதில் நான்கு கோடு, அகலத்தை ஒடுக்கினால் நடுவிலிருக்கும் வெள்ளை அடைத்துக்கொள்ளும், அதனால் உள்கோடுகளைப் பார்ப்பவருக்குத் தெரியாத அளவு மெலிசாக்க வேண்டும். அதையும் தாண்டிவிட்டால் நம் ‘ணை’யை ஒடுக்கித் தடிப்பாக்கிப் பார்க்கட்டும், அங்கேதான் சாயம் வெளுக்கும். அலுக்காமல் திரும்பத் திரும்பத் திருத்துகிறாள் என்றால் எனக்கு அது மார்க் ஷீட்டைவிடப் பெரிய தகுதி.

விலை உயர்ந்த மென்பொருள் வாங்க இப்போதே ஓடாதீர்கள். ஃபான்ட்ஃபோர்ஜ் இலவசம், பழகுவதற்குத் தாராளமாகப் போதும். கிளிஃப்ஸ் கைக்கு இன்னும் வாகாக இருக்கும், ஆனால் மேக்கில் மட்டும்தான் ஓடும். பட்டப்படிப்புக்கு கிராஃபிக் டிசைன் எடுக்கலாம். எழுத்து வடிவமைப்புக்கென்றே இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்திலும் நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள ராயல் அகாடமியிலும் முதுகலை இருக்கிறது, அதை டிகிரி முடிந்தபிறகு யோசித்துக்கொள்ளலாம். கூடவே பைத்தான் என்ற நிரல்மொழியையும் கொஞ்சம் கற்றுக்கொள்ளட்டும். எந்த எழுத்து எங்கே எப்படி மாறி வர வேண்டும் என்று ஃபான்டுக்குள்ளேயே சொல்லிவைக்கும் ஓப்பன்டைப் விதிகள் எழுதவும், கோப்பு எல்லாத் திரையிலும் ஒழுங்காக வருகிறதா என்று சோதிக்கவும் ஃபான்ட் இன்ஜினியர்கள் தேவைப்படுகிறார்கள், மாதச் சம்பளம்தான் வேண்டும் என்று நினைக்கும் பெற்றோருக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் பக்கத்தைத்தான்.

வேலை கேட்கும்போது காட்டும் போர்ட்ஃபோலியோவில் லோகோக்களை அடுக்க வேண்டாம். எண்கள், குறியீடுகள் உட்பட முழுதாக முடித்த ஒரே ஒரு ஃபான்ட், அதையே போஸ்டரில் வைத்துக் காட்டிய ஓரிரண்டு பக்கம், அவ்வளவு போதும். யாருடைய ஃபான்டையாவது டிரேஸ் செய்து தன்னுடையது என்று மட்டும் வைத்துவிடக் கூடாது, இந்தத் துறையில் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க ஆசையிருந்தால் லீக் காதிக் என்ற ஃபான்டைத் திறந்து பார்க்கட்டும். 1903-ல் மோரிஸ் ஃபுல்லர் பென்டன் செய்த ஆல்டர்நேட் காதிக் ஃபான்டை வைத்து எழுந்தது அது, யாரும் இலவசமாகப் பயன்படுத்த விடும் ஓபன் ஃபான்ட் லைசென்ஸ் என்ற உரிமத்தில் கிடைக்கிறது. மாற்றிக்கூட வெளியிடலாம், ஆனால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்.